கார் டயர்கள் சீக்கிரம் தேய்வது ஏன்? கடலூர், புதுச்சேரி வாகன உரிமையாளர்கள் கேட்கும் கேள்விகள்

டயர் தேய்ந்துவிட்டது என்றவுடன் நேராக வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யக் கிளம்புவது நம் பக்கத்து வழக்கம். பல சமயங்களில் அது தேவைப்படவும் செய்யும். ஆனால் காற்றையும் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனின் ஆட்டத்தையும் (உறுப்புகள் தளர்ந்து அசைவதையும்) பார்க்காமல் செய்த அலைன்மென்ட், சில மாதங்களில் அதே தேய்மானத்தைத் திரும்பவும் கொண்டுவந்துவிடும். முதலில் டயர் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது, அடுத்து காற்று, அதன் பிறகு அடிப்பாக உறுப்புகளின் ஆட்டம், கடைசியாகச் சக்கரங்களின் கோணம் என்ற வரிசையில் தேடினால்தான் காரணம் பிடிபடும். கீழ்க்காணும் விடைகள் பெரும்பாலும் அந்த வரிசையில் அமைந்துள்ளன.

என் டயர்கள் உண்மையிலேயே சீக்கிரம் தேய்கின்றனவா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லா கார்களுக்கும் பொருந்தும் ஒரே கிலோமீட்டர் கணக்கு கிடையாது. நிதானமாக ஓட்டப்படும் சிறிய கார் ஒன்றில் 40,000 கிலோமீட்டரோ அதற்கு மேலோ எதிர்பார்க்கலாம். முன்சக்கரங்களே இழுக்கும் கார்களில் முன் டயர்கள் பின் டயர்களைவிட விரைவாகத் தேய்வது இயல்பு. அதனால் பக்கத்து வீட்டுக் காரோடு ஒப்பிடுவதைக் காட்டிலும் உங்கள் டயரை அளந்து பார்ப்பதே மேல்.

புதிய கார் டயரின் பள்ளம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஆகவே 8 மி.மீ. டயரில் நமக்கு உண்மையில் பயன்படுவது 6.4 மி.மீ. மட்டுமே. 12,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு 5 மி.மீ. மீதம் இருந்தால், 4,000 கிலோமீட்டருக்கு ஒரு மி.மீ. போயிருக்கிறது. மீதமுள்ள 3.4 மி.மீ. இதே வேகத்தில் தேய்ந்தால் இன்னும் 13,600 கிலோமீட்டர் ஓடும். புதிய டயரின் பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர் கட்டைகள் உயரமாக இருப்பதால் தரையில் சற்று நெளியும். அதனால் தொடக்கத்தில் தேய்மானம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். முதல் சில ஆயிரம் கிலோமீட்டரை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

ஆழம் பார்க்கும் சிறிய கருவி உதிரிபாகக் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளந்து, ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். நான்கு டயருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு எண்கள் வரும். டயரைக் கழற்றும் முன்பே, எந்தச் சக்கரத்தில் எந்த டயர் இருந்தது என்று தெரியும்படி இதைச் செய்துவிட வேண்டும். கடையில் நான்கையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்ட பிறகு அந்த விவரத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

தேய்ந்திருக்கும் விதத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிட முடியுமா?

முழுமையாகச் சொல்ல முடியாவிட்டாலும், எங்கே தேட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், அந்த டயர் நெடுநாள் குறைந்த காற்றில் ஓடியிருக்கிறது. காற்று குறையும்போது நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ள, பாரமெல்லாம் ஓரங்களில் விழுகிறது. இதற்கு மாறாக நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் என்று பொருள். நெடுந்தூரப் பயணத்துக்கு முன்னால் "நாலு பாயின்ட் சேர்த்தே போடுங்கள்" என்று சொல்பவர்களின் கார்களில் இதைப் பார்க்கலாம்.

ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது கோணத்தைப் பற்றிய செய்தி. சக்கரம் உச்சியில் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்முனைகள் நெருங்கியோ விலகியோ இருப்பது டோ. இவ்விரண்டையும் வேறுபடுத்தக் கையே போதும். வண்டியை நிறுத்தி, டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஒருமுறை உள்ளிருந்து வெளியேயும், பிறகு வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் கூராக உரசுவது போலவும் இருந்தால் கோளாறு பெரும்பாலும் டோவில் இருக்கிறது. இரு திசையிலும் வழுவழுப்பாக, ஓர் ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். தேய்ந்த டயரில் கம்பி வெளியே தெரிந்தால் கையைக் கிழித்துவிடும்; முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

டயரைச் சுற்றிலும் அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருப்பது, சக்கரம் தரையில் ஒரே சீராகப் பதியாமல் துள்ளித் துள்ளி ஓடியதன் அடையாளம். துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருக்கலாம், சக்கரத்தின் எடைச் சமநிலை (பாலன்சிங்) போயிருக்கலாம், அல்லது மூட்டுகளில் ஆட்டம் இருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு எப்போதோ பிரேக் அழுத்தப்பட்டிருக்கிறது.

உள் ஓரத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. நின்றுகொண்டு பார்த்தால் டயரின் வெளிப்பக்கம் மட்டுமே தெரியும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் முன் டயர்களின் உள் ஓரம் தெரியும். பின் டயர்களுக்கு ஒரு டார்ச்சும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

காற்றைத் தவறாமல் பார்க்கிறேன். இருந்தும் ஓரங்கள் தேய்கின்றனவே?

எப்போது பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்களில் பலர் எல்லை தாண்டி முள்ளோடை, கன்னியக்கோவில் பக்கம் சென்று எண்ணெய் நிரப்புகிறார்கள். அங்கேயே காற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து அங்கு போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். சூட்டில் அழுத்தம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு; பேச்சில் பாயின்ட்) கூடிக் காட்டுவது இயல்பு. அந்த நிலையில் மீட்டர் 32 காட்டும்படி வைத்தால், மறுநாள் காலையில் வீட்டு வாசலில் அது 28 அல்லது 29 ஆகத்தான் இருக்கும். மாதாமாதம் தவறாமல் சென்றும் டயர் ஆண்டு முழுவதும் குறைந்த காற்றிலேயே ஓடுவது இப்படித்தான்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு, ஆறிய டயருக்கானது. முன்னுக்கும் பின்னுக்கும், இருவர் பயணத்துக்கும் முழுப் பாரத்துக்கும் அங்கே தனித்தனி எண்கள் கொடுக்கப்பட்டிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் அழுத்தம் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு; அதை உங்கள் காருக்கான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறிய கையடக்க மீட்டர் ஒன்று வீட்டிலிருந்தால், காலையில் வண்டியை எடுக்கும் முன்பே பார்த்து, எந்த டயரில் எத்தனை பாயின்ட் குறைகிறது என்று குறித்துக்கொண்டு, பங்க்கில் அந்தக் குறையை மட்டும் கூட்டிப் போடச் சொல்லலாம். சூடான டயரில் அளவு அதிகமாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட வேண்டாம்.

எந்தக் கசிவும் இல்லாத டயர்கூட மாதம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்கு இழக்கும். வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் மாறினால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். கத்திரி வெயிலில் சரியாக வைத்த காற்று மார்கழிக் காலையில் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நைட்ரஜன் போட்டால் தேய்மானம் குறையுமா?

நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். முழு நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இருக்காது. சரியான அழுத்தத்தில் உள்ள சாதாரணக் காற்றைவிட அது டயரின் ஆயுளைக் கூட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நைட்ரஜன் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் மூன்று மாதம் மீட்டரே வைக்காமல் இருப்பவர்களை எண்ணும்போது, அது தீமையாகவே முடிவதும் உண்டு என்பது என் கருத்து.

ஸ்டீயரிங் நேராக இருக்கிறது, கார் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அப்படியானால் அலைன்மென்ட் சரிதானே?

இந்த நம்பிக்கையால் பாழான டயர்கள் ஏராளம். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால், ஒன்றின் தள்ளலை மற்றொன்று சமன் செய்துவிடும். கார் கோடு போட்டாற்போல நேராகச் செல்லும். டயர்கள் மட்டும் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு தேயும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சக்கரம் தான் உருள வேண்டிய திசையிலிருந்து ஒரு டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். பத்தில் ஒரு டிகிரி என்றால் 1.75 மீட்டர். பதினைந்து அங்குல ரிம்மின் விளிம்பில் அந்தப் பத்தில் ஒரு டிகிரி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது அந்த ரப்பர், தார்ச்சாலையில் பக்கவாட்டில் 17.5 கிலோமீட்டர் உரசியிருக்கும். டோ கோளாறு மற்ற எல்லாக் கோளாறுகளையும்விட வேகமாக டயரைத் தின்பது இதனால்தான்.

கார் ஒரு பக்கம் இழுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சரிவாக அமைக்கப்பட்டிருப்பது, இரு பக்க டயர்களின் காற்று வேறுபடுவது, ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஆகியவை அவற்றுள் சில. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு ரிம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அலைன்மென்ட் கடைக்கு முன்பாகப் பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

இருமுறை அலைன்மென்ட் செய்தும் உள் ஓரம் தேய்கிறது. கடையில் ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்பதைக் காட்டிலும், சரிசெய்ய முடியாத ஒன்றைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறோம் என்பதே பெரும்பாலும் உண்மை. நம்மிடம் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றில் முன்சக்கர டோவை மட்டுமே திருகி மாற்ற முடியும். கேம்பரை மாற்றுவதற்கென்று ஏற்பாடு எதுவும் இருக்காது. பின் அச்சும் அப்படித்தான். அந்தக் கோணங்கள் தவறிக் காட்டினால் ஏதோ ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் அடங்கிய ஸ்ட்ரட், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் ஆகியவற்றில் எது என்று தேட வேண்டும்.

இன்னொரு காரணம் ஆட்டம். லோயர் ஆர்மின் இணைப்பிலுள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராடு கம்பியின் முனையிலோ (டை ராடு எண்ட்), உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டிலோ ஆட்டம் இருந்தாலோ, நின்றுகொண்டிருக்கும் காரில் கோணங்கள் சரியாகவே காட்டும். ஓடத் தொடங்கியதும் சக்கரம் தன் இஷ்டத்துக்கு நகரும். அலைன்மென்ட் எந்திரத்தின் திரையில் எல்லா எண்களும் சரி என்று பச்சையாக இருக்கும். டயர் தேய்வது மட்டும் நிற்காது. ஆகவே காரை லிப்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் பிடித்து ஆட்டிப் பார்த்து, புஷ்களில் கடப்பாறை கொடுத்து நெம்பிப் பார்த்த பிறகே அலைன்மென்ட் எந்திரத்தில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் நேராக எந்திரத்தில் ஏற்றும் கடைக்கு, எவ்வளவு புதிய எந்திரம் வைத்திருந்தாலும், நான் காரைக் கொடுக்க மாட்டேன்.

கடலோரத்தில் இருப்பதற்கும் டயர் தேய்வதற்கும் தொடர்பு உண்டா?

உப்புக்காற்று ரப்பரைத் தேய்ப்பதில்லை. இரும்பையும் அலுமினியத்தையும் அரித்து, அதன் வழியாக டயரைக் கெடுக்கிறது. இரண்டு விதங்களில் இது நடக்கிறது.

முதலாவது, ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு அரிப்பதால் வரும் மெல்லிய கசிவு. இரும்பு ரிம்மில் துருச் செதில்களாகவும் அலாய் ரிம்மில் வெள்ளைப் பொருக்காகவும் இது தெரியும். பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீரில் முக்கினால் ஆணி இருக்காது. விளிம்பைச் சுற்றி நுண்ணிய குமிழ்கள் மட்டும் வரும். டயரைக் கழற்றி, விளிம்பைச் சுரண்டித் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினால் தீரும். வாரத்துக்கு வாரம் ஒரே சக்கரத்தில் காற்று குறைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, டை ராடின் நீளத்தைப் பூட்டிவைக்கும் லாக் நட் துருவேறி இறுகிவிடுவது. டோவை மாற்ற அந்த நட்டைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். அது அசையாதபோது அவசரக்காரர் ஒருவர், அசையும் பக்கத்தை மட்டும் திருகி இரண்டு பக்கத்துக் கணக்கையும் அதிலேயே தீர்த்துவிடுவார். மொத்த டோ சரியாக வந்துவிடும்; ஆனால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். அலைன்மென்ட் செய்து திரும்பும்போது ஸ்டீயரிங் நேராக இல்லையென்றால், உடனே திரும்பிப் போய்க் கேட்பது உங்கள் உரிமை. சில்வர் பீச்சுக்கோ காலாப்பட்டுக்கோ அடிக்கடி சென்று வருபவர்களும் கடற்கரையை ஒட்டியே குடியிருப்பவர்களும், கார் கழுவும்போது அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்வது பயன்தரும்.

மழைக்காலம் முடிந்த பிறகு டயரில் இரைச்சல் கேட்கிறது. தேய்மானமா, பேரிங்கா?

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நம் சாலைகளில் பள்ளங்கள் பெருகுகின்றன. தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் ஆழம் தெரியாமல் சக்கரத்தை இறக்கினால் ரிம் நெளியும், டோ கலையும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோதும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் பல கார்கள் சக்கரம் மூழ்கும் தண்ணீரில் நின்றன. அவ்வாறு நின்ற காரில் சக்கரத்தைச் சுழலவிடும் வீல் பேரிங்கில், நீர் புகாமல் மூடும் வளையத்தைத் தாண்டி நீரும் சேறும் உட்புகுந்து, பல மாதங்கள் கழித்து இரைச்சலாக வெளிப்படக்கூடும்.

குழிகுழியாகத் தேய்ந்த டயரும் பேரிங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உறுமும். நான்குவழிச் சாலையில் வேறு வண்டி இல்லாத இடத்தில், சீரான வேகத்தில், மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது உறுமல் கூடிக் குறைந்தால் பேரிங்கின் பக்கம் சந்தேகம் போகிறது. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியதும் சத்தமும் பின்னால் போய்விட்டால் டயர்தான்.

பக்கவாட்டில் முட்டை போல வீங்கியிருந்தால் ஆராய்ச்சிக்கே இடமில்லை. உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன. அந்த டயரை அன்றே மாற்ற வேண்டும்.

வீல் பாலன்சிங் எப்போது தேவை?

புதிய டயர் மாட்டும்போதும், டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் பஞ்சர் ஒட்டிய பிறகும், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்போதும் தேவை. ஓர் ஓரம் தேய்வதைப் பாலன்சிங் நிறுத்தாது.

டயர்களை இடம் மாற்றிப் போடுவது எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் நான்கும் ஏறத்தாழ ஒன்றாகத் தேயும். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர்களை, அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டுமே மாற்ற வேண்டும். மற்றவற்றைக் குறுக்காகவும் மாற்றலாம். ஸ்டெப்னி அதே அளவில் இருந்தால் அதையும் சுற்றில் சேர்க்கலாம். ஆனால் ஓர் ஓரம் தேயும் டயரைக் காரணம் அறியாமல் இடம் மாற்றினால், கெட்டுப்போகும் டயர் ஒன்றுக்கு இரண்டாகும்.

ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். அதில் தேயுமா?

நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காரைவிடக் கூடுதலாகவே தேயும். புதுச்சேரியின் பழைய நகர வீதிகள் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. சிறிது தூரத்துக்கு ஒரு முழுத் திருப்பம், ஒரு பிரேக், மீண்டும் ஓர் எடுப்பு. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிப்பது முன் டயர்களைத் தரையோடு அரைக்கும். கார் சற்றே நகரும்போது ஒடிப்பது நல்லது. நிறுத்தும்போது நடைபாதை விளிம்பில் சக்கரத்தை ஏற்றுவதும் இடிப்பதும் டோவைக் கலைக்கும். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். மின்சாரக் கார்கள் எடை கூடியவை. எடுப்பும் உடனடியாக வருவதால், அவற்றில் காலை அழுத்தி ஓட்டும் பழக்கம் டயரில் இன்னும் விரைவாகத் தெரியும்.

தேய்மானமே இல்லை, ஆனால் டயர் ஆறு வருடம் பழையது. ஓட்டலாமா?

பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டுகள் கடந்தால், பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்புகள் உண்டா என்று டயர் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. வெயிலில் நின்றே கழியும் கார்களில் ரப்பர் இறுகிப்போகும். தேயாது, ஆனால் ஈரச் சாலையில் பிடிக்கவும் செய்யாது. புதிய டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பின்னால் போட வேண்டும். மழையில் பின்சக்கரங்கள் பிடி இழந்தால் கார் சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிப்பது பழகிய ஓட்டுநருக்கும் கடினம். ஒரே அச்சில் இரு வேறு வகை டயர்கள் வேண்டாம்.

அலைன்மென்ட் கடையில் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

எந்திரத்தில் ஏற்றும் முன் நான்கு டயரிலும் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். திரையில் உங்கள் காரின் மாடல்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு முன்பிருந்த அளவும் பின்பு வந்த அளவும் ஒன்றாக அச்சான தாளைக் கேட்டு வாங்கி, உங்கள் பன்னிரண்டு எண்கள் கொண்ட தாளோடு சேர்த்து வையுங்கள். பின்சக்கர அளவுகளும் அதில் இருக்க வேண்டும். டயரில் தயாரிப்புக் குறை இருப்பதாகக் கருதி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கும்போது, தேய்மானம் காற்றாலோ கோணத்தாலோ வந்தது என்றால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். டயர் வாங்கிய பில், உத்தரவாத அட்டை, இந்தத் தாள்கள் மூன்றையும் எடுத்துச் சென்றால் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும். குறை உண்டென்று ஏற்றுக்கொண்டாலும், மீதமுள்ள பள்ளத்தின் ஆழத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ற தொகையைத்தான் புதிய டயரின் விலையில் கழிப்பார்கள். ஆகவே சந்தேகம் வந்தவுடன் சென்றுவிடுங்கள்.